ஆணியின் உயரம்

ஆரல்வாய்மொழிக்கு ஆனி மாதம்
ஆய்வுக்குப் போகக்கூடாது.
படிவத்தை முதலில் காற்றுதான் புரட்டிப் பார்க்கிறது,
பிறகுதான் நான்.
கிளிப் அட்டை, அதன்மேல் டிபன் டப்பா,
அதன்மேல் என் முழங்கை.

மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு. தரைத்தளம்.
பதினாறு வீடு, பதினான்கு கேள்வி.
ஏழாவது: ஒதுக்கீடு பெற்றவர் நேரில் வசிக்கிறாரா?
ஒன்பதாவது: குறைபாடு தொடர்கிறதா?

முதல் வீடு றோஸ்லி.
ஆதாரில் ரோஸ்லி, அடையாள அட்டையில் றோஸ்லி.
போன வருஷம் வந்தவர் அதை
இரண்டு பேர் என்று எழுதி
ஒருத்தியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.
"எவ போணும்னு கேட்டேன்,
சாருக்குத் தெரியல்ல" என்கிறாள்
தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து.
தரையில் வைத்த மிஷின்,
மிதிபலகை இல்லை, கைச்சக்கரம்.
ஒன்பதாவதைக் கேட்டேன்.
கேட்டுத்தான் ஆகவேண்டும்.
"இந்த வருஷமும் காலு முளைக்கல்ல,
எழுதிக்கோ மக்களே."

அவள் தண்ணீர் எடுக்க
உள்ளங்கையை ஊன்றி ஊன்றிப் போன நேரத்தில்
சுற்றிப் பார்த்தேன்.
மாதா படம் என் முழங்காலுக்கு நேரே.
காலண்டர் அதற்கும் கீழே.
கண்ணாடியில்
என் சேலைக் கொசுவம் மட்டும் தெரிந்தது.
சுவிட்சைத் தட்ட ஒரு பூவரசங்கம்பு.
சுவரோடு ஒரு நீளக் கறை
வாசல் முதல் அடுப்பு வரை,
கை போய்வந்து போய்வந்து கறுத்தது.
அந்த வீட்டில்
நான்தான் தப்பான உயரம்.
ஏழாவதற்கு "ஆம்" என்று எழுத
அவள் திரும்பி வரவேண்டிய தேவையே இல்லை.

பதினோராவது வீடு.
வேலம்மை, ஐம்பத்திரண்டு வயது,
சக்கர நாற்காலி, எண்பது சதவீதம்.
திறந்தது ஒரு நிறைமாதக்காரி.
"சித்தி சந்தைக்குப் போயிருக்காவ."
காலண்டர் என் தலைக்கு மேல்.
நான் ஆணியைப் பார்த்தேன்.
ஆணியைப் பார்க்கும் என்னை அவள் பார்த்தாள்.
காற்றாலையில் இரவுக் காவல் முடித்த புருஷன்
அதே ஒற்றை அறையில் படுத்திருந்தான்,
விழித்துவிட்டு, கண்ணைத் திறக்காமல்.

"வாடகை யாருக்குக் குடுக்கிறீங்க?"
கதவு படாரென்று அடித்தது.
இரண்டு பேரும் அதையே
பதிலாக எடுத்துக்கொண்டோம்.

எதற்கென்று தெரியாமல்
கழிவறையைக் காட்டச் சொன்னேன்.
டேப்பை விரித்தேன்.
நிலை அறுபது செண்டிமீட்டர்.
நாற்காலி அறுபத்தாறு,
அரசு கொடுத்த நாற்காலி,
அரசு கட்டிய நிலை.

"நாலு மாசம் இருந்தாவளாம், பக்கெட் வச்சுட்டு.
பொறவு தோவாளைக்கு, அவியளுக்க அண்ணன் மவ வீட்டுக்கு.
அங்க பூக்கட்டுறாவ.
கதவு பெருசு."
கொஞ்சம் நிறுத்தி,
"நாங்க குடுக்கதுல தான் அவியளுக்க மருந்து."
இன்னும் கொஞ்சம் நிறுத்தி,
"எனக்க பிள்ள பிறக்கது வரைக்கும்..."
அதை முடிக்கவில்லை.
நானும் முடித்துவைக்கவில்லை.

வசிக்காதவருக்கு ரத்து.
தகுதியில்லாதவருக்கு வெளியேற்றம்.
விதி அவ்வளவு சுத்தம்.
ஆறு செண்டிமீட்டருக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
கழிவறை நிலை 60 என்று,
இரண்டு கோடு போட்டு.
மேற்பார்வையாளர் கேட்பார்:
ஆமாவா, இல்லையா?

சாயங்காலம் பஸ் நிறுத்தம்.
எதிரே காற்றாடிகள் எல்லாம்
ஒரே பக்கம் திரும்பி நின்றன.
பதினாறில் பதினைந்து நிரம்பியிருக்கிறது.
ஒரு தாள் மட்டும், ஏழாவது கட்டம் வெள்ளையாக,
அட்டையின் மேலே படபடக்கிறது.
டப்பாவைப் பைக்குள் போட்டாயிற்று.
முழங்கையை மட்டும் எடுக்கவில்லை.
எடுத்தால் மற்றதைக்
காற்று பார்த்துக்கொள்ளும்
என்று தோன்றாமல் இல்லை.

நாகர்கோவில் பஸ் வந்தது.
நல்ல கூட்டம்.
படி ஏற இரண்டு கையும் வேண்டும்.